உள்ளே இருப்பது பார்க்கப்படவில்லை

மாப்பிள்ளைக்குக் குரலை உயர்த்த வராது. பதினாறு வருடமாகக் கண்ணாடிக் கடையில் வேலை. "இதுல நல்லா தெரியுதா, இல்ல முன்ன போட்டதுலயா?" என்று லென்சை மாற்றி மாற்றிக் கேட்டே அவர் குரல் பஞ்சாகிப் போயிருந்தது. பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்தால், மிதித்தவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று குனிந்து பார்க்கிற ரகம். கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கு நிற்கிற வேலை இப்படிப்பட்டவர் தலையில் வந்து விழுந்தது. மனைவிக்கு நன்றாகச் சண்டை போட வரும். ஆனால் அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

"மாப்பிள்ளை, எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தரணும். கேமரா வச்சது. பரீட்சை எழுதப் போறேன்" என்றார் மாமனார்.

மாமனாருக்கு வயது எழுபத்தொன்று.

ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் முப்பத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாலைக் கல்லூரியில் வணிகவியல் படித்தார். எல்லாத் தாளிலும் தேறிவிட்டார், புள்ளியியலைத் தவிர. நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் போதும். முதல் தடவை முப்பத்தொன்று வந்தது. இரண்டாம் தடவை முப்பத்துநான்கு. அந்த ஒரு மார்க்குக்காக ஆறு மாதம் விழுந்து விழுந்து படித்து மூன்றாம் தடவை எழுதினார், இருபத்தொன்பது. அதற்குள் கல்யாணமாகிவிட்டது, மகள் பிறந்துவிட்டாள், புத்தகம் பரணுக்குப் போய்விட்டது.

அதோடு விட்டாரா என்றால், அதுதான் இல்லை. எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் "வணிகவியல் பட்டம், ஒரு தாள் நிலுவை" என்று எழுதுவார். ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில்கூட, அப்படியொரு கட்டமே இல்லாத காகிதத்தில், ஓரமாக எழுதிக் கொடுத்தவர். சம்பந்தம் பேச வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "பொண்ணைப் பத்தி நல்லதாதான் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா நான் டிகிரி முடிக்கல. ஒரு பேப்பர் பாக்கி. பின்னால தெரிஞ்சு நீங்க வருத்தப்படக் கூடாது பாருங்க." மாப்பிள்ளையின் அப்பா வீட்டுக்கு வந்து, "அந்த மனுஷனுக்கு என்னமோ பெரிய வியாதின்னு நெனச்சுப் பயந்தே போயிட்டேன்" என்றார்.

இப்போது பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு விட்டிருந்தது. பழைய நிலுவைக்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பு. இதை விட்டால் பதிவே ரத்து. பரீட்சை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டிலிருந்தே, கேமராவுக்கு முன்னால். எந்தக் கம்ப்யூட்டரில் எழுதப் போகிறோமோ அதன் எண்ணை அந்த வாரத் திங்கள்கிழமைக்குள் பதிந்துவிட வேண்டும். வேறு கம்ப்யூட்டரில் வினாத்தாள் திறக்காது.

"இப்ப எதுக்கு மாமா?" என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"பார்சல் ஆபீஸ்ல ஒரு மூலை உண்டு மாப்பிள்ளை. யாரும் வந்து கேக்காத பெட்டியெல்லாம் அங்கதான் கிடக்கும். தண்ணி குடிக்கப் போனா அதைத் தாண்டித்தான் போகணும். எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒண்ணு கிடக்கு. தெனமும் தாண்டிப் போறேன்."

அன்றைக்கே மாப்பிள்ளை அவரைக் கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப்போனார்.

கடையில் விற்பனையாளர் மாமனார் பக்கம் திரும்பவே இல்லை. பேச்செல்லாம் மாப்பிள்ளையிடம்தான். "அப்பாவுக்கா சார்? எழுத்து பெருசா தெரியற மாதிரி குடுத்துடலாம். என்ன பண்ணுவாங்க, பாட்டுக் கேப்பாங்களா, படம் பாப்பாங்களா?"

"புள்ளியியல்" என்றார் மாமனார்.

அது எந்த ஊர்ப் புது ஆப் என்று விற்பனையாளருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் தொழில் தெரிந்தவர். "அதுவும் சூப்பரா ஓடும் சார்" என்றார். குடோனிலிருந்து மூன்றே நாளில் வீட்டுக்கு வந்துவிடும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

ஒன்பதாம் நாள், திங்கள்கிழமை காலை, வந்தது. மாப்பிள்ளை கடையில் இருந்தார். சாயங்காலம் மாமனார் வீட்டுக்குப் போனபோது கம்ப்யூட்டர் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. பெட்டியிலிருந்த எண்ணைப் பல்கலைக்கழகத்துக்குப் போனில் படித்துக்காட்டி, பத்தரை மணிக்கே பதிந்தாகிவிட்டது. மாமியார் மேசைக்கு ஒரு துணிகூட விரித்திருந்தார். எல்லாம் கிரமமாக நடந்திருந்தது. மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார். திரையில் இரண்டு வரி வந்தது: 'பொருள் ஒப்படைக்கப்பட்டது உறுதியானதும் உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் வரும். அதை இங்கே இடவும்.'

வழியில் திருடு போகாமலிருக்க அப்படியொரு பூட்டாம். நல்லதுதான் என்று மூன்று பேரும் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதில் ஒரு வங்கி கடன் தருவதாகச் செய்தி வந்தது. வேறெதுவும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் மாப்பிள்ளை சாப்பாட்டு நேரத்தில், பிரேம் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார்.

"வணக்கம் சார், உங்களுக்கு எப்படி உதவலாம்?" தேனாகப் பேசினாள் ஒரு பெண்.

"கம்ப்யூட்டர் வந்துடுச்சும்மா. அந்த ஆறு நம்பர் மட்டும் வரல."

அவள் ஆர்டர் எண்ணை வாங்கித் தட்டிப் பார்த்தாள். "சார், உங்க கம்ப்யூட்டர் இன்னும் வரல சார்."

"வந்துடுச்சும்மா. மேசை மேல இருக்கு."

"இல்ல சார். சிஸ்டத்துல வரல."

"சிஸ்டத்துல வரலேன்னாலும் வீட்ல வந்துடுச்சே."

"சிஸ்டத்துல வந்தாதான் சார் வந்த கணக்கு."

அவள் சொன்ன உறுதியில் மாப்பிள்ளைக்கு ஒரு கணம் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நேற்றுத் தொட்டுப் பார்த்தோமே, அது என்ன?

"உங்க சிரமத்துக்கு வருந்தறோம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

'முதல் உதவியே இன்னும் ஆகலையே' என்பது தொண்டைவரை வந்தது. "இல்லம்மா, ரொம்ப நன்றி" என்று சொல்லி வைத்தார். வைத்த பிறகு அலமாரிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, "நன்றியாம் நன்றி" என்று திட்டிக்கொண்டார்.

அடுத்த தடவை ஆளே பேசவில்லை. பொருளைப் பெற்றுக்கொண்டவர்கள் ஒன்றை அழுத்தவும், பெறாதவர்கள் இரண்டை அழுத்தவும் என்றது பதிவுக் குரல். மாப்பிள்ளை நேர்மையாக ஒன்றை அழுத்தினார். 'நீங்கள் எந்தப் பொருளையும் பெறவில்லை' என்று சொல்லிவிட்டு அது இணைப்பைத் துண்டித்தது. மறுபடி போட்டு, பொய் சொல்கிற கூச்சத்தோடு இரண்டை அழுத்தினார். புல்லாங்குழல் ஆரம்பித்தது. இருபத்துமூன்று நிமிடம் புல்லாங்குழல். நடுவில் கண்ணாடி வாங்க வந்த ஒரு பெரியம்மாவுக்கு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே காதுக்கம்பியை வளைத்துக் கொடுத்தார். "கடையில பாட்டெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க, நல்லா இருக்குப்பா" என்று அந்தம்மா பாராட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் ஒரு கனமான ஆண் குரல் வந்தது. மேற்பார்வையாளராம். அவர்தான் விஷயத்தைப் பிடித்தார்.

"சார், டெலிவரி ரசீதுல ஏதோ எழுதியிருக்கு. படிக்கறேன் கேளுங்க. 'பெட்டி ஒன்று. வெளியே சேதமில்லை. உள்ளே இருப்பது பார்க்கப்படவில்லை.' கீழ தேதி, மணி, கையெழுத்து. யார் சார் எழுதினது?"

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கையெழுத்தைப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

"கையெழுத்துக் கட்டத்துக்கு வெளிய ஒரு புள்ளி இருந்தாக்கூட, கஸ்டமர் பொருளை ஒத்துக்கலைன்னு சிஸ்டம் எடுத்துக்கும் சார். இவர் மூணு வரி எழுதியிருக்காரு."

"அதை அழிச்சுடலாமே சார்."

"கஸ்டமர் கைப்பட எழுதினதை நாங்க அழிச்சா எங்க வேலை போயிடும். ஒரே வழிதான். பொருளைத் திரும்ப எடுத்துட்டு வேற அனுப்புவோம். வியாழக்கிழமை ரெண்டுலேர்ந்து ஆறுக்குள்ள ஆள் வருவாரு. புதுசு வர ஏழு வேலை நாள் ஆகும்."

"வெள்ளிக்கிழமை பரீட்சைங்க. இதே கம்ப்யூட்டர்லதான் எழுதணும்."

"அப்படியா சார். ஆல் த பெஸ்ட் சார். பையனுக்கா?"

"மாமனாருக்கு."

"ஆல் த பெஸ்ட் சார்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் போய்விட்டார்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, வாங்கிய கடைக்கே போனார். டோக்கன் எடுக்கச் சொன்னார்கள். அறுபத்தெட்டு. முறை வந்தபோது அதே விற்பனையாளர்தான். மலர்ந்த முகத்தோடு, "அந்த ஆப் ஓடுதா சார்?" என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வித்தது நாங்க சார், கொண்டு வந்தது குடோன். நீங்க குடோன்லதான் பேசணும்" என்று ஒரு சீட்டில் எண் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து பார்த்தால், புல்லாங்குழல் எண்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமனார் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், எப்படிச் சொல்வது என்பதே யோசனை. கூடத்தில் மாமனார் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடி இருந்தார். சமையலறையிலிருந்து மாமியார் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"திட்ட விலக்கம், சொல்லுங்க."

"சராசரியைக் கண்டுபிடிக்கணும். ஒவ்வொண்ணும் அதுலேர்ந்து எவ்வளவு தள்ளியிருக்குன்னு பாத்து…"

"பாத்து?"

"வர்க்கம் பண்ணணும்."

"ஏன் வர்க்கம்?"

"நான் போன ஜென்மத்துல செஞ்ச பாவம்னு நெனக்கறேன்."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "மாமா, அன்னைக்கு அந்த டெலிவரி ரசீதுல நீங்க எதாவது எழுதினீங்களா?"

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதாம எப்படி மாப்பிள்ளை கையெழுத்துப் போடறது? வேலையில சேந்த ரெண்டாவது மாசம். தையல் மெஷின்னு ஒரு பெட்டி வந்துச்சு. அவசரத்துல வெறுங்கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். திறந்தா செங்கல்லு. எட்டு செங்கல்லு! எந்த ஸ்டேஷன்ல மாத்தினானோ தெரியாது. பழி எம்மேல. ஒரு வருஷ இன்க்ரிமென்ட் போச்சு. அதுலேர்ந்து உள்ளே பாக்காத பெட்டியைப் பாத்ததா நான் ஒத்துக்கிட்டதே இல்ல."

"அந்த எட்டு செங்கல்லை வச்சுத்தான் நாப்பத்தேழு வருஷமா வீடு கட்டிக்கிட்டு இருக்காரு" என்றார் மாமியார் உள்ளிருந்து.

மாப்பிள்ளை சொல்லி முடித்தார். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக, லென்சை மாட்டுவதுபோலச் சொன்னார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

மாமனார் மேசையைப் பார்த்தார். "அப்ப நானேதான் கெடுத்துக்கிட்டேனா?"

அவர் எழுந்துபோய், கூராகச் சீவி வைத்திருந்த பென்சில்களை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் போட்டார். புத்தகத்தை மூடினார். மூடிய புத்தகத்தின்மேல் கை கொஞ்ச நேரம் இருந்தது. மாமியாரும் அன்றைக்கு எதுவும் சொல்லிக் குத்தவில்லை. அதுதான் மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை.

"நாளைக்கு நான் லீவு போடறேன் மாமா. அந்த ஆள் வரட்டும், பேசறேன்" என்றார். என்ன பேசப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

வியாழக்கிழமை நாலே காலுக்கு ஆள் வந்தார். திங்கள்கிழமை கொண்டுவந்து கொடுத்த அதே ஆள். வியர்த்து வழிந்த சட்டை, கழுத்தில் தொங்கும் கையளவுக் கருவி. "பார்சல் எடுக்க வந்திருக்கேங்க."

மாப்பிள்ளை காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தார். "அண்ணே, ஒரு சின்ன உதவி, தப்பா நெனச்சுக்காதீங்க…" இரண்டாவது வாக்கியத்திலேயே வழி தவறிவிட்டது. அதற்குள் மாமனார் எழுந்து வந்து அந்தக் கருவியை எட்டிப் பார்த்தார். தொழில்காரர் பார்வை.

"தம்பி, இதுல எம் பார்சல் என்னன்னு போட்டிருக்கு?"

"'சேரவில்லை'ன்னு போட்டிருக்குங்க."

"என்னைச் சேராத பார்சலை எங்கிட்டேருந்து எப்படி எடுப்பீங்க? உள்ள வந்ததாப் பதிஞ்சாத்தானே வெளிய போனதாப் பதிய முடியும்?"

ஆள் கருவியைத் தட்டினார். எடுக்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. இன்னும் இரண்டு தடவை குத்தினார். "பாத்தீங்களா, இதைத்தாங்க குடுத்து உசிரை வாங்கறாங்க. முதல்ல 'சேர்ந்தது'ன்னு போட்டாத்தான் 'எடு'ன்னு வரும்."

"அப்ப போடுங்க" என்றார் மாமனார்.

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியது. 'சேர்ந்தது' என்று பதிந்தால் அந்த ஆறு இலக்கமும் வந்துவிடுமே. மாமியார் கரண்டியோடு வாசற்படிக்கு வந்துவிட்டார்.

"கையெழுத்துப் போடுங்க பெரியவரே. இந்தக் கட்டத்துக்குள்ள, விரலால."

மாமனார் விரலை வைத்தார். ஒரு பிசிறு இல்லாமல் கையெழுத்து விழுந்தது. ஆனால் விரல் எழவில்லை. கட்டத்தின் கோட்டை நோக்கிக் கீழே நகர ஆரம்பித்தது.

"என்னங்க பண்றீங்க?" என்றார் மாமியார்.

"இப்பதான் உள்ளே பாத்துட்டேனே. 'சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்'னு ஒரு வரி…"

"மாமா! கையை எடுங்க!"

தெருவில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கத்தியது யார் என்று மாப்பிள்ளையும் ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தார். பதினாறு வருடமாகச் சேர்த்து வைத்த குரல் மொத்தமும், கம்பெனிக்காரர்களுக்குப் போக வேண்டியது, மாமனார் தலையில் இறங்கியிருந்தது. மாமனார் சூடு பட்டதுபோல விரலை எடுத்துவிட்டார்.

ஆள் பொத்தானை அழுத்தினார். மூச்சு விடுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் சட்டைப் பையில் போன் துடித்தது. ஆறு எண்கள்.

"சரி, இப்ப பெட்டியைக் குடுங்க" என்றார் ஆள்.

"அண்ணே, பெட்டி… குடுக்கறதா இல்லைங்க" என்றார் மாப்பிள்ளை, பழைய பஞ்சுக் குரலில்.

ஆள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேசைமேல் இருந்த புள்ளியியல் புத்தகத்தைப் பார்த்தார். மாமியார் பரீட்சைக் கதையை இரண்டே வாக்கியத்தில் சொன்னார், டீச்சர் இல்லையா. அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "எனக்கென்னங்க, தூக்கற சுமை ஒண்ணு மிச்சம். ஆனா எடுக்கலைன்னா காரணம் போடணும். 'வீடு பூட்டியிருக்கிறது', போட்டுரவா?"

"வீடு திறந்திருக்கே" என்றார் மாமனார்.

"'வாடிக்கையாளர் மனம் மாறிவிட்டார்.'"

"என் மனசு மாறவே இல்லையே தம்பி."

"'நாய் விடவில்லை.'"

"நாய் எங்க இருக்கு?"

"ஐயோ, எதையாவது போடச் சொல்லுங்களேன், அந்தப் புள்ளைக்கு இன்னும் எத்தனை வீடு இருக்கோ!" என்றார் மாமியார்.

"பொய்யா எழுதக் கூடாது. வேற என்ன இருக்கு, படிங்க."

ஆள் பொறுமையாக ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். பதினோராவதாக வந்தது: 'பொருள் பொட்டலம் கட்டித் தயாராக இல்லை.' மாமனார் மேசையைத் திரும்பிப் பார்த்தார். கம்ப்யூட்டர் துணிமேல் வெறுமனே இருந்தது.

"இது உண்மை. இதைப் போடுங்க."

ஆள் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, பரீட்சை நன்றாக எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே வேறு யாரும் இருக்கக் கூடாது. மாப்பிள்ளையும் மாமியாரும் வெளியே, பெஞ்சில் இவர் இந்தக் கோடி, அவர் அந்தக் கோடி. மின்சாரம் போய்விடக் கூடாதே என்று மாப்பிள்ளை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தட்டச்சுச் சத்தம் கேட்டது. ஒரு எழுத்து. வெகு நேரம். இன்னொரு எழுத்து. பெருமூச்சு. மாமியார் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தபடி இருந்தார். வேண்டுதலாக இருக்கும் என்று மாப்பிள்ளை நினைத்தார். காது கொடுத்தபோது, திட்ட விலக்கத்தின் சூத்திரம்.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. மாமனார் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மாமியார் பரிமாறினார்.

"முப்பத்தெட்டு வரும்" என்றார் மாமனார் தட்டைப் பார்த்தபடி. "திருத்தறவர் கஞ்சமா போட்டா முப்பத்தாறு."

மாமியார் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "முப்பத்தஞ்சு போதுமே. மீதி ஒண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"